உப்பும் குளுக்கோஸும் ஒரே கல்லாகுமா? ஒரு பழைய கேள்விக்குத் தாமதமான பதில்



இது நீளமான பதிவு. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் படிக்க வேண்டாம். சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள்.

1994ஆம் ஆண்டு என்று நினைக்கிறேன். எட்டாம் வகுப்பில் படிகமாக்கல் பாடம். என்னிடம் படித்தவர்களுக்கு அந்தப் பாடம் மறந்திருக்காது. வெந்நீரில் படிகாரத்தைக் கரைத்து, வடிகட்டி, கண்ணாடி டம்ளரில் ஊற்றி, நூலில் ஒரு சின்னத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு ஜன்னலோரம் வைப்போம். திங்கட்கிழமை வந்து பார்த்தால் கல் வளர்ந்திருக்கும். யாருடைய கல் பெரியது என்று சண்டை வரும்.

அன்று கரும்பலகையில் இப்படி எழுதிப் போட்டேன்: "படிகம் என்றால் சுத்தம். ஒரு பொருளின் மூலக்கூறு தன் இனத்தைத்தான் சேர்த்துக்கொள்ளும். அந்நியப் பொருளை வெளியே தள்ளிவிடும்."

மூன்றாவது பெஞ்சில் இருந்த ஒரு பையன் எழுந்தான். "டீச்சர், உப்பையும் குளுக்கோஸையும் ஒண்ணா கரைச்சு வெச்சா ரெண்டும் சேந்து ஒரே கல்லா வருமா?"

"வராது. உப்பு தனியா வரும், குளுக்கோஸ் தனியா வரும். உக்காரு" என்றேன்.

அவன் விடவில்லை. சில நாள் கழித்து ஒரு பாட்டில் மூடியைக் கையில் ஏந்தியபடி வந்தான். அதன் அடியில் வெள்ளையாக ஏதோ உறைந்திருந்தது. "பாருங்க டீச்சர், கல்லு மாதிரி இருக்கு." நான் விரலால் தொட்டுப் பார்த்தேன், பிசுபிசுவென்று இருந்தது. "இது கலவைடா, படிகம் இல்ல" என்று சொல்லி, குழாயடியில் அந்த மூடியைக் கழுவி அவன் கையில் கொடுத்துவிட்டேன். வகுப்பே சிரித்தது. அந்த ஆண்டு முழுக்க அவன் என்னிடம் வேறு கேள்வி கேட்கவில்லை.

இதை நான் மறந்தே போயிருந்தேன். போன பொங்கலுக்கு என் அண்ணன் மகள் வந்திருந்தாள். ஹைதராபாத்தில் ஒரு மருந்து ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். என்ன வேலை என்று கேட்டேன். "அத்தை, ரெண்டு வேற வேற பொருளை ஒரே படிகமா வளக்கறோம். கோ-கிறிஸ்டல்னு பேரு" என்றாள். எனக்குச் சட்டென்று அந்தப் பையனின் மூடி ஞாபகம் வந்தது. அன்று இரவு தூக்கமே வரவில்லை.

அதன் பிறகு சில மாதங்களாக அவள் அனுப்பியதையும் நானாகத் தேடியதையும் அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். நான் எட்டாம் வகுப்பு வரை நடத்திய இடைநிலை ஆசிரியை. எனக்குப் புரிந்த அளவில், புரிந்த விதத்தில் எழுதுகிறேன். வேதியியல் படித்த பிள்ளைகள் பிழை இருந்தால் திருத்துங்கள். கோ-கிறிஸ்டலைக் கூட்டுப் படிகம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

முதலில் கலவைக்கும் கூட்டுப் படிகத்துக்கும் உள்ள வித்தியாசம். அரிசியையும் உளுந்தையும் கலந்தால் அது கலவை. எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம், ஒழுங்கு கிடையாது. கூட்டுப் படிகத்தில் இரண்டு வகை மூலக்கூறுகளும் ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று என்று கணக்காக, ஒரே கோலத்தில் புள்ளி வைத்ததுபோல் வரிசையாக நிற்கும். ஆனால் அவை வேதிவினை புரிந்து வேறு பொருளாகிவிடவில்லை. கரைத்தால் பழையபடி இரண்டும் தனித்தனியாகிவிடும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. 1844இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஃப்ரெடரிக் வோலர் இதைப் பார்த்திருக்கிறார். 1828இல் யூரியாவை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டினாரே, அதே வோலர்தான். குயினோன் என்பது மஞ்சள் நிறம். ஹைட்ரோகுயினோன் நிறமற்றது. இரண்டின் கரைசல்களும் சேர்ந்தபோது உலோகம்போல் மினுமினுக்கும் கரும்பச்சைப் படிகங்கள் வந்தன. குயின்ஹைட்ரோன் என்று அதற்குப் பெயர். ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் இரண்டும் அதில் இருக்கின்றன. மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்து பச்சை எப்படி வந்தது, எது இரண்டையும் பிடித்து வைத்திருக்கிறது என்று அந்தக் காலத்தில் யாருக்கும் விளங்கவில்லை. அதை விளக்க வேண்டிய சொல்லே அப்போது பிறக்கவில்லை.

அந்தச் சொல்தான் ஹைட்ரஜன் பிணைப்பு.

1919இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாரிஸ் ஹக்கின்ஸ் என்ற மாணவர், வகுப்புக்காக எழுதிய ஒரு கட்டுரையில் இரண்டு அணுக்களுக்கு நடுவே ஒரு ஹைட்ரஜன் நின்று இரண்டையும் பிடிக்கலாம் என்ற எண்ணத்தை வைத்தார். அடுத்த ஆண்டு, 1920இல், அதே இடத்தைச் சேர்ந்த லாட்டிமர், ரோடபுஷ் என்ற இருவர் இந்தக் கருத்தைக் கொண்டு தண்ணீரின் குணங்களை விளக்கி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஹக்கின்ஸ் பெயர் அதில் ஒரு குறிப்பாக வருகிறது. ஒரு மாணவனின் வகுப்புக் கட்டுரை! இதைப் படித்தபோது எனக்கு அந்த மூடி மறுபடியும் கண்முன் வந்தது.

ஹைட்ரஜன் பிணைப்பு என்பது என்ன? ரவிக்கையில் வைத்துத் தைக்கும் கொக்கியையும் வளையத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜனோடோ நைட்ரஜனோடோ ஒட்டியிருக்கும் ஹைட்ரஜனிடமிருந்து எலக்ட்ரானை அந்த அணு தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஹைட்ரஜன் கொஞ்சம் நேர்மின் தன்மையோடு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அது கொக்கி. பக்கத்து மூலக்கூறில் எலக்ட்ரான் இணையோடு இருக்கும் ஆக்சிஜனோ நைட்ரஜனோ வளையம். கொக்கி வளையத்தில் மாட்டிக்கொள்ளும்.

இது பலமான பிணைப்பல்ல. தண்ணீர் மூலக்கூறுக்குள் ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் பிரிக்க மோலுக்கு ஏறக்குறைய 460 கிலோஜூல் வேண்டும். ஒரு தண்ணீர் மூலக்கூறுக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள ஹைட்ரஜன் பிணைப்பைப் பிரிக்க ஏறக்குறைய 20 போதும். இருபதில் ஒரு பங்குதான். ஆனால் ஒரு கொக்கியை விரலால் கழற்றிவிடலாம், வரிசையாக எட்டுக் கொக்கி போட்ட ரவிக்கையை இழுத்துப் பிரிக்க முடியாது. இன்னொன்று, கொக்கி நினைத்த பக்கமெல்லாம் மாட்டாது. வளையம் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில் வந்தால்தான் மாட்டும். படிகத்துக்கு ஒழுங்கான வடிவம் வருவதற்கு இந்தத் திசைக் கட்டுப்பாடு ஒரு பெரிய காரணம். பனிக்கட்டியில் ஒவ்வொரு தண்ணீர் மூலக்கூறும் நான்கு பக்கத்து மூலக்கூறுகளோடு இப்படி மாட்டிக்கொண்டு, நடுவே வெற்றிடம் விட்டு நிற்கிறது. அதனால்தான் ஐஸ் தண்ணீரில் மிதக்கிறது. இதைப் பாடத்தில் சொல்லியிருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதா?

வோலரின் பச்சைப் படிகத்துக்கு விடை 1950களில் எக்ஸ் கதிர் ஆய்வில் கிடைத்தது. ஹைட்ரோகுயினோனின் இரண்டு முனைகளிலும் கொக்கி. குயினோனின் இரண்டு முனைகளிலும் வளையம். ஒன்று மாற்றி ஒன்றாக நீண்ட சங்கிலி. அந்தச் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும்போது ஒரு மூலக்கூறின் எலக்ட்ரான் அடுத்ததன் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. அதனால்தான் அந்த நிறம். 1844இல் கண்ணால் பார்த்ததற்கு நூறு ஆண்டுக்கு மேல் கழித்துக் காரணம் தெரிந்தது.

அடுத்த கதை மரபணு சம்பந்தப்பட்டது. 1953இல் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளை முன்வைத்தார்கள். அடினினும் தைமினும் ஹைட்ரஜன் பிணைப்பால் ஜோடி சேரும் என்றார்கள். அந்த ஜோடியை அணு அணுவாக யாரும் நேரில் பார்த்திருக்கவில்லை. அமெரிக்காவின் கால்டெக்கில் கார்ஸ்ட் ஹூக்ஸ்டீன் என்பவர், டி.என்.ஏ.யில் சர்க்கரை ஒட்டும் இடத்தில் மட்டும் ஒரு மெத்தில் தொகுதியை வைத்த அடினினையும் தைமினையும் சேர்த்து ஒரே படிகமாக வளர்த்தார். அதாவது கூட்டுப் படிகம். 1959இல் முதல் முடிவு வந்தது, 1963இல் முழு விவரம் வந்தது.

ஜோடி இருந்தது. ஆனால் வாட்சனும் கிரிக்கும் சொன்ன ஜோடி அல்ல! தைமின் அடினினின் வேறொரு பக்கத்தில் போய் மாட்டியிருந்தது. அடினினுக்கு ஒன்றுக்கு மேல் வளையம் உண்டு. தனியாக விட்டபோது அது வேறு வளையத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டது. யார் சொன்னது சரி? இரண்டும் சரிதான். 1973இல் அலெக்சாண்டர் ரிச்சின் குழு, ஆர்.என்.ஏ.யின் சிறு துண்டுகளைப் படிகமாக்கி, சுருளுக்குள் வாட்சன்–கிரிக் ஜோடி இருப்பதை அணு அளவில் காட்டியது. ஹூக்ஸ்டீன் ஜோடியும் வீண்போகவில்லை. மூன்று இழைகள் சேரும் டி.என்.ஏ. அமைப்புகளில் அது இருக்கிறது, அவர் பெயரிலேயே அழைக்கப்படுகிறது. எதிர்பார்த்த விடை வரவில்லையே என்று அவர் அந்தப் படிகத்தைக் கழுவி ஊற்றியிருந்தால்?

இனி நான் சொல்லப்போவது என்னை மிகவும் பாதித்த கதை.

டோரதி ஜூன் சூட்டர் நியூசிலாந்தில் பிறந்து இங்கிலாந்துக்கு வந்த படிகவியலாளர். 1958இல் தியோஃபிலின், காஃபின் ஆகியவற்றின் படிக அமைப்பை வெளியிட்டவர். காஃபின் நம் காப்பியில் இருப்பது. பிறகு லண்டனின் பிர்க்பெக் கல்லூரியில் பெர்னாலின் துறையில் வேலை செய்தார். பல படிகங்களின் அளவுகளைப் பார்த்தபோது அவருக்கு ஒரு விஷயம் தென்பட்டது. கார்பனோடு ஒட்டிய ஹைட்ரஜன்கூடச் சில இடங்களில் பக்கத்து ஆக்சிஜனை வழக்கமான தூரத்தைவிட நெருங்கி நிற்கிறது. அதாவது கார்பன் பக்கத்து ஹைட்ரஜனும் ஒரு கொக்கிதான், மெல்லிய கொக்கி. 1962இல் 'நேச்சர்' இதழில் இதை எழுதினார். அடுத்த ஆண்டு இன்னும் விரிவாக எழுதினார்.

அப்போது பெரும்பாலோர் சொன்னது: கார்பன் பக்கத்து ஹைட்ரஜன் கொக்கி ஆகாது. ஆக்சிஜன், நைட்ரஜன், ஃபுளூரின் பக்கத்தில் இருந்தால்தான் ஆகும். 1968இல் ஜெர்ரி டோனஹூ என்ற பெரிய படிகவியலாளர் சூட்டரின் கருத்தை அடியோடு மறுத்து எழுதினார். டோனஹூ சாதாரண ஆள் அல்ல. டி.என்.ஏ. மூலக்கூறில் ஹைட்ரஜன் எந்த இடத்தில் இருக்கும் என்று வாட்சனைத் திருத்தி, சரியான ஜோடிக்கு வழிகாட்டியவர். அப்படிப்பட்டவர் சொன்ன பிறகு யார் எதிர்த்துப் பேசுவார்கள்? பேச்சு அதோடு அடங்கிவிட்டது. சூட்டர் பின்னாளில் சிறுநீரகக் கற்கள், பித்தப்பைக் கற்கள் பற்றிய ஆராய்ச்சிக்குப் போய்விட்டார்.

அந்தக் காலத்தில் ஒரு சிக்கலும் இருந்தது. எக்ஸ் கதிர் எலக்ட்ரானைத்தான் பார்க்கும். ஹைட்ரஜனிடம் இருப்பது ஒரே ஒரு எலக்ட்ரான். அதனால் ஹைட்ரஜன் எங்கே இருக்கிறது என்று எக்ஸ் கதிரில் துல்லியமாகத் தெரியாது. நியூட்ரான் கற்றையில் நன்றாகத் தெரியும். 1982இல் கேம்பிரிட்ஜின் ராபின் டெய்லரும் ஒல்கா கென்னார்டும் நியூட்ரான் மூலம் கண்டறிந்த 113 படிக அமைப்புகளை எடுத்து அலசினார்கள். கார்பன் பக்கத்து ஹைட்ரஜன் ஆக்சிஜனை நாடிப் போவது உண்மை என்று எண்களோடு நிறுவினார்கள். சூட்டர் சொல்லி இருபது ஆண்டு கழித்து! அவர் 1990இல் காலமானார். இந்த முழு வரலாற்றையும் கார்ல் ஷ்வால்பே என்பவர் 2012இல் ஒரு நீண்ட கட்டுரையாக எழுதியிருக்கிறார்.

"மாட்டாது, உட்கார்" என்று நான் ஒரு பதின்மூன்று வயதுப் பையனிடம் சொன்னேன். அங்கே ஒரு முழு அறிவியல் உலகம் ஒரு பெண்மணியிடம் அதையே சொல்லியிருக்கிறது.

இன்னொரு பெண்மணி மார்கரெட் எட்டர். அமெரிக்காவில் சில ஆண்டுகள் தொழில் நிறுவன ஆய்வுக்கூடத்தில் இருந்துவிட்டு மின்னசோட்டா பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். நூற்றுக்கணக்கான படிகங்களைப் பார்த்து, எந்தக் கொக்கி எந்த வளையத்தில் மாட்டும் என்பதற்கு விதிகள் எழுதினார். 1990இல் அவை வெளிவந்தன. எளிமையாகச் சொன்னால்: நல்ல கொக்கியும் நல்ல வளையமும் சும்மா இருக்காது, எல்லாம் பயன்படும். ஒரே மூலக்கூறுக்குள் ஆறு அணு வட்டமாக மாட்டிக்கொள்ள வழியிருந்தால் முதலில் அது நடக்கும். மீதி இருப்பவற்றில் மிகச் சிறந்த கொக்கி மிகச் சிறந்த வளையத்தைத் தேடிப் போகும்.

மூன்றாவது விதியைக் கவனியுங்கள். தன் இனத்தில் கிடைக்கும் வளையத்தைவிட வேற்றினத்தில் நல்ல வளையம் கிடைத்தால், கொக்கி அங்கே போய்விடும். நான் கரும்பலகையில் எழுதியதற்கு இதுதான் பதில். படிகம் பெரும்பாலும் அந்நியரை வெளியே தள்ளும் என்பது உண்மை. அதை வைத்துத்தான் சர்க்கரையையும் உப்பையும் சுத்தம் செய்கிறார்கள். ஆனால் வந்த அந்நியர் தன் இனத்தைவிட நன்றாகப் பொருந்தினால் படிகம் அவரையும் வரிசையில் சேர்த்துக்கொள்ளும்.

எட்டர் கூட்டுப் படிகங்களைச் செய்த ஒரு முறை நம் சித்த மருத்துவர்களுக்குப் பழக்கமானது. கல்வத்தில் இட்டு அரைப்பதுதான்! கரைக்கவே வேண்டாம், இரண்டு பொடிகளையும் சேர்த்து அரைத்தால் மூலக்கூறுகள் ஜோடி மாறிக்கொள்கின்றன. 1893இலேயே லிங், பேக்கர் என்ற இருவர் குயின்ஹைட்ரோன் வகைப் பொருள்களை அரைத்துச் செய்திருக்கிறார்கள். 2002இல் கேம்பிரிட்ஜில் வில்லியம் ஜோன்ஸின் குழு, சில சொட்டு திரவம் விட்டு அரைத்தால் இன்னும் சீக்கிரம் நடக்கிறது என்று காட்டியது. அம்மியில் தண்ணீர் தெளித்து அரைத்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. ஹூக்ஸ்டீனின் அதே அடினின், தைமின் வகைகளை எட்டரின் குழுவும் அரைத்துச் சேர்த்தது. அந்தக் கட்டுரை 1993இல் வந்தபோது எட்டர் உயிரோடு இல்லை. 1992இல், 48 வயதில், புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது.

இந்தத் துறையில் நம் நாட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. சென்னையில் 1952இல் பிறந்த கௌதம் தேசிராஜு, ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பணிபுரிந்து, பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் போனவர். படிகத்தை வீட்டுக்கு வரைபடம் போடுவதுபோல் திட்டமிட்டுக் கட்டலாம் என்பதை விளக்கி 1989இல் நூல் எழுதினார். 1995இல் எந்தெந்தக் கொக்கி–வளைய அமைப்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்பதை வகைப்படுத்தினார். சூட்டரின் மெல்லிய கொக்கிக்கு உலகம் மறுபடி மதிப்புக் கொடுத்ததில் அவருடைய எழுத்துக்கும் முக்கிய இடமுண்டு. என் அண்ணன் மகளின் ஆய்வுக்கூட மேசையில் அவர் புத்தகம் இருக்கிறதாம்.

சரி டீச்சர், இதனால் மனிதருக்கு என்ன என்று கேட்பீர்கள். நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. கெட்டதை முதலில் சொல்கிறேன்.

2007இல் வட அமெரிக்காவில் வீட்டு நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. தீவனத்தில் சேர்த்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்தது. புரதத்தின் அளவை நைட்ரஜனை வைத்துக் கணக்கிடுவார்கள். மெலமைனில் நைட்ரஜன் அதிகம். அதைக் கலந்தால் புரதம் கூடுதலாக இருப்பதுபோல் காட்டும். அதோடு சயனூரிக் அமிலமும் சேர்ந்திருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் கொடிய விஷம் அல்ல. ஆனால் மெலமைனின் ஒவ்வொரு பக்கமும் கொக்கி–வளையம்–கொக்கி. சயனூரிக் அமிலத்தின் ஒவ்வொரு பக்கமும் வளையம்–கொக்கி–வளையம். அளந்து தைத்ததுபோல் பொருந்தும். ஒவ்வொன்றுக்கும் மூன்று பக்கம், பக்கத்துக்கு மூன்று பிணைப்பு, ஆக ஒன்பது. தண்ணீரில் கரையவே கரையாத கூட்டுப் படிகம். அது சிறுநீரகக் குழாய்களில் போய் அடைத்தது.

அடுத்த ஆண்டே, 2008இல், சீனாவில் பால் பவுடரில் மெலமைன். ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். 6 குழந்தைகள் இறந்ததாக அரசு அறிவித்தது. அந்தக் குழந்தைகளின் கற்களில் மெலமைனோடு சேர்ந்திருந்தது யூரிக் அமிலம், நம் உடம்பிலேயே உண்டாகும் பொருள். எந்தப் பொருளையும் தனியாகச் சோதித்து "ஆபத்தில்லை" என்று சொன்னால் போதாது, அது யாரோடு கை கோக்கும் என்றும் பார்க்க வேண்டும் என்பதை அந்தப் பிஞ்சுகள் உயிரைக் கொடுத்துச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இப்போது நல்லது. மாத்திரையாகச் சாப்பிடும் மருந்து, படிகம் எப்படி இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் கரையும், கெடாமல் இருக்கும். மருந்தின் மூலக்கூறை மாற்றினால் அது வேறு மருந்தாகிவிடும். மூலக்கூறைத் தொடாமல் பக்கத்தில் ஒரு துணையை மட்டும் நிறுத்திப் படிகத்தை மாற்றினால்?

காஃபினையே எடுத்துக்கொள்வோம். காற்றில் ஈரம் இருந்தால் அது தண்ணீரை இழுத்து வேறு படிகமாகிவிடும். மாத்திரை செய்பவர்களுக்கு இது தலைவலி. காஃபினில் நல்ல கொக்கி ஒன்றுகூட இல்லை, வளையங்கள்தான். ஆக்சாலிக் அமிலத்தின் இரண்டு முனைகளிலும் நல்ல கொக்கி. 2005இல் கேம்பிரிட்ஜில் டிராஸ்க், மதர்வெல், ஜோன்ஸ் ஆகியோர் இரண்டையும் சேர்த்தார்கள். இரண்டு காஃபினுக்கு நடுவே ஒரு ஆக்சாலிக் அமிலம். மிக அதிக ஈரப்பதத்தில் வாரக்கணக்கில் வைத்தும் அந்தப் படிகம் மாறவில்லை. அதன் அமைப்பில் அமிலத்தின் கொக்கி காஃபினின் நைட்ரஜனில் மாட்டியிருக்கிறது. பக்கத்திலேயே காஃபினின் கார்பன் பக்கத்து ஹைட்ரஜன் அமிலத்தின் ஆக்சிஜனை நோக்கிச் சாய்ந்து நிற்கிறது. ஆம், சூட்டரின் அதே மெல்லிய கொக்கி! அவர் முதலில் ஆராய்ந்த அதே காஃபினில். இதைப் படித்தபோது என் கண் கலங்கிவிட்டது.

இது ஆய்வுக்கூடத்தோடு நிற்கவில்லை. நம் குடும்பத்திலேயே சர்க்கரை நோயாளிகள் எத்தனை பேர்? எர்ட்டுகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மருந்துக்கு அமெரிக்காவில் 2017 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. அது பைரோகுளுட்டாமிக் அமிலத்தோடு சேர்ந்த கூட்டுப் படிகமாகத்தான் மாத்திரைக்குள் இருக்கிறது. (உடனே டாக்டரிடம் போய் டீச்சர் சொன்னார்கள் என்று அந்த மாத்திரையைக் கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்ததைச் சாப்பிடுங்கள்.)

கடைசியாக, அந்தப் பையனின் கேள்வி. உப்பும் குளுக்கோஸும் ஒரே கல்லாகுமா?

ஆகும். இரண்டு குளுக்கோஸ், ஒரு சோடியம் குளோரைடு, ஒரு தண்ணீர் என்ற கணக்கில் ஒரே படிகமாக வளரும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இது தெரிந்த செய்தி. குளுக்கோஸின் கொக்கிகள் உப்பில் உள்ள குளோரைடில் மாட்டிக்கொள்கின்றன. நான் ஆசிரியர் பயிற்சி முடிப்பதற்கு நூறு ஆண்டுக்கு மேல் முன்பே தெரிந்ததை, "வராது, உக்காரு" என்று சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு வெட்கக்கேடும் உண்டு. சுத்தமான ஒரே பொருளுக்கு உதாரணமாக நான் வளர்த்துக் காட்டிய படிகாரம் இருக்கிறதே, அதுவே பொட்டாசியம் சல்பேட்டும் அலுமினியம் சல்பேட்டும் தண்ணீரும் சேர்ந்த இரட்டை உப்பு. அது அயனிகளால் ஆனது, கூட்டுப் படிகம் என்ற கணக்கில் வராது. ஆனாலும் இரண்டு உப்பு சேர்ந்து ஒரே கல்லாக என் கையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பையன் கேட்டபோது நான் அதைக்கூட யோசித்துப் பார்க்கவில்லை.

தம்பி, உன் பெயரை இங்கே எழுதவில்லை. நீ யார் என்று உனக்குத் தெரியும். அன்று உன் மூடியில் இருந்தது அந்தப் படிகம்தானா, வெறும் பாகா என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. அதைச் சொல்ல முடியாமல் செய்தவள் நான்தான். ஆனால் உன் கேள்வி சரியான கேள்வி. உன்னைப் பார்த்து வகுப்பு சிரித்ததற்கு நான்தான் காரணம். இந்த டீச்சரை மன்னித்துவிடு. அந்த வகுப்பில் படித்தவர்கள் யாராவது அவனோடு தொடர்பில் இருந்தால் இதைக் காட்டுங்கள்.

உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. பிள்ளை ஏதாவது கையில் ஏந்திக்கொண்டு வந்தால், நமக்கு விடை தெரியாவிட்டால், "தெரியலடா, ஜன்னல்ல வை, பாப்போம்" என்று சொல்லுங்கள். அதற்குப் பாடத்திட்டத்தில் நேரம் போதாது என்று எனக்கும் தெரியும். அந்த ஒரு வரிக்கு அரை நிமிடம்தான் ஆகும்.

போன வாரம் கடையில் குளுக்கோஸ் பாக்கெட் வாங்கி, உப்போடு கரைத்து, ஒரு பாட்டில் மூடியில் ஊற்றி எங்கள் வீட்டு ஜன்னலில் வைத்திருக்கிறேன். பேத்தி தினமும் வந்து பார்க்கிறாள். இன்றோடு ஒன்பது நாள். இன்னும் பாகு மாதிரிதான் இருக்கிறது. எறும்பு வராமல் சுற்றிலும் தண்ணீர் வைத்திருக்கிறோம்.

கல் வந்தால் படம் போடுகிறேன். வராவிட்டாலும் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்